மழை பெய்தால் தூக்கம் வராதவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கமிருந்து கேட்கிறவர்களுக்கு 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். 66 பேரின் உடல் கிடைத்தது, நாலு பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். கயத்தாறு பக்கம் பூர்வீகம் உள்ளவர்கள் நிறைய. அந்தச் செய்தியை மறுபடி வாசிக்க நான் வரவில்லை. அன்றைக்குப் பிழைத்தவர்கள், மண்ணைத் தோண்டப் போனவர்கள், சொந்தத்தைப் பறிகொடுத்தவர்கள் இப்போதும் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இன்னமும் மழை பெய்தால் தூக்கம் வராது. அதற்கு ஈ.எம்.டி.ஆர். என்று ஒரு சிகிச்சை இருக்கிறது, அதைக் குறுகிய நாட்களில் செய்ய முடியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். இவர் உண்மையில் ஒருவர் அல்ல. பல பேரிடம் கேட்டதைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன், யாரும் யாரையும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் இந்த அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவார். தலையணைக்கு அடியில் டார்ச். ரேஷன் கார்டும் ஆதாரும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கதவுப் பக்கம். பிள்ளைகளை நைட்டி, லுங்கியோடு படுக்க விடமாட்டார். வெளியில் ஓடுகிற மாதிரி உடுத்திக்கொண்டுதான் படுக்க வேண்டும். பெட்டிமுடிக்குப் போகும் வழியான ராஜமலைப் பக்கம் போகிற ஜீப்பில் ஏறவே மாட்டார். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் உடம்பு தூக்கிப்போடும். கேட்டால், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கு" என்பார்.

இப்படி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிப்பதைத்தான் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய சம்பவம் நடந்த முதல் மாதத்தில் தூக்கமில்லாமல் தவிப்பது நோய் இல்லை. பெரும்பாலானவர்கள் சொந்தபந்தம், சாப்பாடு, வேலை, கோயில் என்று மெல்லத் தேறிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆளைப் பிடித்து உட்காரவைத்து, "என்ன பாத்த, எல்லாத்தையும் சொல்லு" என்று கிளறுவது உதவாது. தூக்க மாத்திரை வேண்டும் என்று அவசரப்படுவதும் சரியில்லை. பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை அந்த முதல் மாதத்தில் இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் தொடர்ந்தால்தான் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். கயிறு மந்திரித்துக் கட்டுவதை நான் கேலி செய்யமாட்டேன். என் அம்மாவும் கட்டியிருக்கிறார். கயிற்றையும் கட்டிக்கொள்ளுங்கள், சிகிச்சைக்கும் வாருங்கள்.

அதே 2013 வழிகாட்டுதலில் பி.டி.எஸ்.டி.க்கு உகந்தவை என்று சொல்லப்பட்ட சிகிச்சைகளில் ஒன்றுதான் ஈ.எம்.டி.ஆர். கண்ணை அசைத்துக்கொண்டே பழைய நினைவைக் கையாளும் முறை. ஃபிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன் கண்கள் இப்படியும் அப்படியும் ஓடியபோது மனதை அரித்த எண்ணங்களின் வேகம் குறைந்ததைக் கவனித்தாராம். 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். கேட்கிறபோது கதை மாதிரித்தான் இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அறைக்குள் என்ன நடக்கும்? முதலில் பேச்சு. உடல்நிலை, பழைய வரலாறு, இப்போது எது அதிகமாகத் தொல்லை தருகிறது என்பதெல்லாம். அப்புறம், தவிப்பு அதிகமானால் எப்படித் தன்னை நிதானப்படுத்திக்கொள்வது என்று பழக்கம் கொடுப்பார்கள். இது முடிந்த பிறகுதான் நினைவுக்கே போவார்கள். அந்த ராத்திரியில் மிக மோசமான ஒரு காட்சி எது? அதை நினைத்தால் உங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நம் அக்கா, "தங்கச்சிய அன்னைக்கு என் வீட்லயே படுக்கச் சொல்லியிருக்கணும். நான்தான் விட்டுட்டேன்" என்பார். வேதனை 0 முதல் 10 வரைக்குள் எவ்வளவு? பத்து. உடம்பில் எங்கே? தொண்டையில்.

அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளர் இடமும் வலமும் ஆட்டும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிஷம் போல. நிறுத்தி, மூச்சு விட்டு, "இப்ப என்ன வருது?" என்று கேட்பார். ஒரு வார்த்தையில் சொன்னால் போதும். மறுபடி விரல். இப்படியே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். காட்சி மங்கும், இன்னொன்று வரும், அழுகை வரும், சில சமயம் சம்பந்தமே இல்லாமல் சின்ன வயசு ஞாபகம் வரும். எண் பத்திலிருந்து மெல்ல இறங்கும். கண்ணில் கோளாறு இருந்தால் கையில் மாறி மாறித் தட்டியும் செய்யலாம், காதில் மாறி மாறி ஒலி கொடுத்தும் செய்யலாம்.

எப்படி வேலை செய்கிறது? நாம் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும் இடம் மனதில் சின்னது. ரேடியோ கேட்டுக்கொண்டே மளிகைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்; கணக்கும் தப்பும், பாட்டும் பாதிதான் காதில் விழும். அதே மாதிரி விரலையும் பார்த்து, காட்சியையும் பிடித்துவைத்தால் காட்சி தெளிவை இழக்கிறது. இழந்த நிலையிலேயே மறுபடி மனதில் பதிகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவே வேண்டாம், நினைவைத் தைரியமாக எதிர்கொள்வதுதான் குணப்படுத்துகிறது என்று வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும். பலன் கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மலைத்தோட்டத்து மக்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. நடந்ததை முழுக்கக் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையாளம் பேசும் டாக்டரிடம் வேலைக்கு வேண்டிய மலையாளம் பேசிவிடலாம், தங்கச்சியைப் பறிகொடுத்த ராத்திரியைச் சொல்ல அந்த மலையாளம் போதாது. இங்கே நினைப்பது தமிழிலேயே நடக்கும், வெளியில் சொல்வது இரண்டு வார்த்தைதான். வெட்கத்தால் வாய் திறக்க முடியாத விஷயங்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்குள் அடி வாங்கியவர்கள், சிறு வயதில் தொல்லைக்கு ஆளானவர்கள், யானை துரத்தி உயிர் தப்பிய ஆட்டோக்காரத் தம்பி, எல்லாருக்கும்.

சரி, வழக்கமாக இது வாரம் ஒரு முறை நடக்கும். என் ஆட்சேபணையே அங்கேதான். வாரம் ஒரு நாள் என்பது டவுனில் இருப்பவர்களுக்குப் போட்ட கணக்கு. இங்கிருந்து கோட்டயத்துக்கோ, போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ போய்வர ஒரு நாள் போய்விடும். அன்றைய கூலி போகும், பஸ் காசு போகும். மழைக்காலத்தில் கேப் ரோட்டில் மண் விழுந்தால் வழியே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நோயிலேயே இருக்கிறது. ஒதுங்கிப்போவதுதான் இந்த நோயின் குணம். ஒரு நாள் துணிந்து நினைவைத் தொட்டவருக்கு நடுவில் ஆறு நாள் இடைவெளி கொடுத்தால், ஏழாவது நாள் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். மூன்றாவது வாரத்தோடு வராமல் போனவர்கள் என் பதிவேட்டில் நிறைய. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இதற்கு நெதர்லாந்தில் ஒரு வழி கண்டார்கள். அங்கே சைடிரெக் என்ற மையத்தில் வாரத்துக்கு நாலு நாள் என்று இரண்டு வாரம், மொத்தம் எட்டு நாள் சிகிச்சை. காலையில் ஒன்றரை மணி நேரம் நினைவை நேராக எதிர்கொள்ளும் பயிற்சி, மதியத்துக்கு மேல் ஒன்றரை மணி நேரம் ஈ.எம்.டி.ஆர். நடுவில் உடற்பயிற்சி, விளையாட்டு, நோயைப் பற்றிய விளக்கம். இன்னொரு வேடிக்கை, ஒவ்வொரு அமர்வுக்கும் வேறு வேறு சிகிச்சையாளர். ஒரே ஆளையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. 347 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் என்று சொல்லும் அளவே இல்லாமல் போனது. நடுவில் விட்டுப்போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க சிகிச்சை பெறாத குழு கிடையாது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் லண்டனில் வேறொரு பேச்சு சிகிச்சையை ஏழு நாளில் சுருக்கிக் கொடுத்தும், மூன்று மாதம் வாராவாரம் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். 2014இல் வந்த முடிவு: நூற்றுக்கு 73 பேரும் 77 பேரும் குணம். கிட்டத்தட்ட சமம். சுருக்கினால் ஆள் தாங்கமாட்டார் என்ற பயம் எனக்கும் இருந்தது, இதைப் படித்த பிறகு குறைந்தது.

எட்டு நாள் என்றதும் எட்டாம் நாள் எல்லாம் மறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நடுவில் இரண்டு மூன்று நாள் கனவு அதிகமாகும், எரிச்சல் வரும், வீட்டில் சண்டை வரும். அந்த நாட்களில் அக்காவைச் சமையல், தண்ணீர் பிடிப்பது, மாடு பார்ப்பது எல்லாவற்றிலிருந்தும் விடுவிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். மாமியாரோ கணவரோ, யாராக இருந்தாலும் சரி. வேலைக்கும் போய்க்கொண்டு சாயங்காலம் வந்து படுத்துக்கொள்ளலாம் என்ற கதை நடக்காது. தற்கொலை எண்ணம் முற்றியிருப்பவர், குடியை நிறுத்த முடியாமல் தவிப்பவர் ஆகியோருக்கு முதலில் அந்த ஆபத்தைப் பார்க்க வேண்டும். வலிப்பு, இருதய நோய், கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். போனில் ஒரு புள்ளி இங்கும் அங்கும் ஓடும் வீடியோவைப் பார்த்துத் தானே செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நினைவு கிளம்பிவிட்டால் பக்கத்தில் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும்.

தங்கச்சி போன துக்கம் இதனால் போகுமா என்று கேட்பார்கள். போகாது, போகவும் வேண்டாம். ஆகஸ்டு வந்தால் அழுகை வரும். ஆனால் "நான்தான் விட்டுட்டேன்" என்பது "அந்த ராத்திரி இப்படி ஆகும்னு யாருக்கும் தெரியாது" என்று மாறினால், தகரத்தில் மழை விழும்போது அது மழையாக மட்டும் இருந்தால், அதற்குத்தான் இந்த எட்டு நாள்.

தொழிற்சங்கத்துக்காரர்களுக்கும் எஸ்டேட் நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கு லீவு தருகிறீர்கள் அல்லவா? இந்த எட்டு நாளையும் அதே கணக்கில் எழுதுங்கள். பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேரை மேலே வரவழைத்து, எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு அமைதியான அறை கொடுத்தால், ஒரு சுற்றில் ஐந்தாறு பேரைப் பார்க்கலாம். ஆளைக் கீழே இறக்குவதைவிடச் சிகிச்சையை மேலே ஏற்றுவது செலவும் குறைவு.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது இப்போதே பேச வேண்டும் போலிருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவு பகல் எப்போதும். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் மாத்திரைப் பேச்சோடு முடிந்துவிடலாம். எந்தச் சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் போனது என்பதையும், எத்தனை மாதமாக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து நேரில் யாரைப் பார்க்கலாம், உங்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் கிளினிக் எந்த ஆஸ்பத்திரியில், எந்த நாளில் நடக்கிறது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.