பிளான் பாஸ் ஆகுமுன் பக்கத்து வீட்டையும் கேளுங்கள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். மலை ஊரில் ஒருவர் வீடோ கடையோ கட்ட விண்ணப்பம் போடுகிறார், அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு கிளம்புகிறது, அப்புறம் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். குன்னூரில் வீடுகளுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். விண்ணப்பம் போடுகிறவர்களோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறேன், பக்கத்தில் கட்டடம் வருகிறதே என்று பயந்து வருகிறவர்களுக்கு ஆட்சேபணை மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தரப்பையும் பார்த்தவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான். பேப்பரில் கோடு மட்டும் இருக்கும் கட்டத்திலேயே மேல் வீட்டுக்காரரையும் கீழ் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேளுங்கள், கேட்டுவிட்டு எந்த முடிவு எடுத்தாலும் காரணத்தை எழுதி வையுங்கள்.

முதலில், யார் முடிவு எடுக்கிறார்கள் என்பதிலேயே நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. பக்கத்து மனையில் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போகிறார்கள். ஓட்டுப் போட்டவர்கள் வேறு எங்கே போவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு சாதாரண வீட்டு பிளானுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நகர்மன்றம் கூடி எடுக்கிற முடிவு அல்ல. நகரமைப்பு ஆய்வாளர் இடத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுவார், கோப்பு ஆணையாளர் மேசைக்குப் போகும், கையெழுத்து அங்கே. நம்முடையது மலைப்பகுதி என்பதால் இதற்கு மேலும் படிகள் உண்டு. கட்டடம் பெரிதென்றாலோ வணிகக் கட்டடம் என்றாலோ கலெக்டர் தலைமையில் இருக்கும் கமிட்டி பார்க்க வேண்டும், அதற்கும் மேலே 1990-ல் அரசு அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அதாவது நாம் எல்லோரும் ஹாக்கா என்று சொல்வது, சென்னையில் இருக்கிறது. வனத்துறை, புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வருவாய்த் துறை என்று ஒவ்வொரு இடத்திலும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இத்தனை மேசைகளில் ஒன்றில்கூட பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி கிடையாது. அவருக்கு விஷயம் தெரிவது ஜல்லி லாரி வந்து நிற்கும்போதுதான்.

நகர்மன்றத்தின் முன் வருகிற விஷயங்கள் வேறு. குடியிருப்புப் பகுதி என்று இருக்கும் நிலத்தை வணிகப் பகுதியாக மாற்றக் கேட்கும் விண்ணப்பம், நகராட்சிக் கடைகளின் ஏலம், வாடகை நிர்ணயம், பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது, இவைதான் தீர்மானத்துக்கு வரும். இதில் நில உபயோக மாற்றத்துக்கு மட்டும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேட்கும் வழக்கம் உண்டு. சின்ன எழுத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவும் போட்டு வருகிற அந்த விளம்பரத்தைப் பார்த்து, இது நம் தெரு முனையில் இருக்கும் அந்த ஓட்டு வீடுதான் என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? நிலம் அளக்கிற எங்களுக்கே புலப்பட வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் அந்தப் பொருள் மன்றக் கூட்டத்துக்கு வரும்போது தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், லாரி வாடகை, துப்புரவுப் பொருள் கொள்முதல் என்று நீளுகிற பட்டியலின் நடுவில் உட்கார்ந்திருக்கும். யாராவது ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் மொத்தமும் ஆல் பாஸ். மறுநாள் பேப்பரில் அதே இரண்டு வார்த்தை வரும்.

இதில் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சமவெளியில் பக்கத்து வீடு என்பது வேறு, இங்கே வேறு. திருப்பூரிலோ ஈரோட்டிலோ பக்கத்து மனைக்காரர் கட்டினால் வெளிச்சம் போகும், காற்று போகும், பார்க்கிங் தகராறு வரும். இங்கே கீழ் மனைக்காரர் அஸ்திவாரத்துக்கு மண் வெட்டினால் மேல் வீட்டின் தரை பிளக்கும். மேல் மனைக்காரர் கட்டினால் அவருடைய மழைத்தண்ணீரும் செப்டிக் டேங்க் கசிவும் கீழ் வீட்டுச் சமையலறைச் சுவரில் வந்து நிற்கும். ஒரு தடுப்புச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குப் பின்னால் ஊறி நிற்கும் தண்ணீர் வெளியேறுவதற்காக, அதில் இடைவெளி விட்டுக் குழாய்த் துண்டுகள் பதித்திருக்க வேண்டும். அந்தத் துளைகளை விடாமல் பூசி மெழுகிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் பின்னால் இருக்கும் மண் ஊறி ஊறிச் சுவரையே தள்ளிவிடும். துளைகள் விட்டாலும் அந்தத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே வாய்க்கால் இருந்தால் சரி. பல இடங்களில் கீழே இருப்பது இன்னொருவர் வீட்டின் பின்கட்டு, துணி காய்கிற கொடி, கோழிக்கூண்டு. பிளானில் இது எதுவும் தெரியாது. பிளானில் மனை ஒரு செவ்வகம், நான்கு பக்கமும் எத்தனை அடி விட்டிருக்கிறோம் என்ற கணக்கு, அவ்வளவுதான். சரிவு எங்கே இறங்குகிறது, மழைத்தண்ணீர் எந்த மூலையில் சேர்கிறது என்பதெல்லாம் அங்கே குடியிருக்கிறவருக்குத்தான் தெரியும்.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மழையை யாரும் தடுக்க முடியாது, சரி. ஆனால் 2024 பிப்ரவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேல் காந்தி நகரில் நடந்ததற்கு மழையைக் குறை சொல்ல முடியாது. வீடு கட்டும் இடத்தில் தடுப்புச் சுவர் வேலை நடந்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து விழுந்து, கூலி வேலைக்கு வந்த பெண்கள் ஆறு பேர் இறந்துபோனார்கள். வெயில் காயும் பிப்ரவரி மாதம். மண்ணை வெட்டுவதற்கு முன்னால் மேலே என்ன நிற்கிறது, அது எதன் மேல் நிற்கிறது என்று அந்தத் தெருக்காரர்களை உட்கார வைத்துக் கேட்கும் ஒரு ஏற்பாடு நம் ஊர்களில் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலை ஊர்களுக்கான கட்டட விதிகள் 1993-ல் வந்தன. 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் நாலு மாடி எப்படி வருகிறது? ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு தளமும் அதன் மேல் தகரக் கூரையும்தான் தெரியும், இடம் பார்க்க வருகிறவரும் ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். பள்ளத்தில் இருக்கும் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் ரோட்டுக்குக் கீழே மூன்று தளம் தொங்குவது தெரியும். கீழே இருக்கும் குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அளவு நாடாவே தேவைப்பட்டிருக்காது.

கடை முகப்பு விஷயம் இன்னும் சிக்கல். நம் ஊர் பஜார்களில் பழைய கடைகள் எப்படி இருந்தன? மரப்பலகைக் கதவு, முன்னால் கல் திண்ணை, திண்ணைக்கு அடியில் சாக்கடை, அப்புறம் ரோடு. பலகைக் கதவு போய் ஷட்டர் வந்தது, திண்ணை போய் கிரானைட் படி வந்தது, படி நகர்ந்து சாக்கடைக்கு மேல் உட்கார்ந்தது, படிக்கு மேல் தகரத் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு மேல் ராத்திரியெல்லாம் எரியும் போர்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னால் வந்திருக்கும். மழைக்கு அடைப்பு எடுக்க வரும் துப்புரவுத் தொழிலாளிக்கு அந்தக் கிரானைட்டைத் தூக்க வழியில்லை, தண்ணீர் ரோட்டில் ஓடி எதிர்க் கடைக்குள் போகிறது. அதே மாதிரி குடியிருப்புத் தெருவில் வீட்டின் முன்னறையை ஹோம்மேட் சாக்லேட் கடையாக மாற்றுகிறார்கள். பிழைப்புதானே என்று யாரும் முதலில் ஒன்றும் சொல்வதில்லை. சீசனில் வேன்கள் நிற்க ஆரம்பித்து, ஸ்கூல் போகும் பிள்ளைகளுக்கு நடக்க இடமில்லாமல், பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு வண்டி உள்ளே வர முடியாமல் போனபிறகு சண்டை வெடிக்கிறது. அந்த நேரத்தில் கடைக்காரர் கடன் வாங்கி எல்லாம் போட்டுவிட்டார், தெருக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எந்த அதிகாரி வந்தாலும் ஒரு பக்கம் அழத்தான் செய்யும். கடை திறக்கும் முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியிருந்தால், வேன்கள் கீழ் முக்கில் நிற்கட்டும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேண்டாம் என்று முடிந்திருக்கக்கூடிய விஷயம் இது.

முன்கூட்டியே கேட்காவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு கொடைக்கானலைப் பாருங்கள். 1990-களில் அங்கே ஒரு ஹோட்டல் அனுமதித்த அளவை மீறி ஏழு மாடி எழுப்பியது, அரசு அதற்கு விலக்கும் அளித்தது, பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள், உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் 1995-ல் அதை உறுதி செய்தது. ஊர்க்காரர்கள் கேட்டது நியாயம் என்று முடிந்தது, ஆனால் அதற்குள் மலையுச்சியில் காங்கிரீட் ஏறிவிட்டது. 2019-ல் மறுபடியும் அதே கொடைக்கானலில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால், விதிமீறிய காட்டேஜ்களுக்கும் விடுதிகளுக்கும் கும்பல் கும்பலாக சீல் வைத்தார்கள். அறை கூட்டித் துடைத்துப் பிழைத்த பெண்களுக்கு ஒரே வாரத்தில் வேலை போனது. 56, 57 நோட்டீஸ் என்பார்கள், லாக் அண்ட் சீல் என்பார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் எல்லாமே கட்டி முடித்த பிறகு, அல்லது கட்டிக்கொண்டிருக்கும்போது வருகிறவை. உரிமையாளர் 80-ஏ பிரிவில் அரசுக்கு மறுபரிசீலனை மனு போடுவார், வருஷங்கள் ஓடும். கேள்வி கேட்கும் நேரம் தவறிவிட்டதால்தான் இவ்வளவும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். சில நேயர்கள் இப்போதே நினைப்பார்கள், ஏற்கனவே ஒரு சின்ன வீட்டுக்கு பிளான் வாங்க நாய் படாத பாடு படுகிறோம், இதில் பக்கத்து வீட்டுக்காரனிடமும் கையெழுத்து வாங்கச் சொல்கிறாயா என்று. அந்தக் கோபம் நியாயமானது. தேயிலைத் தோட்டத்தில் ரிட்டயர் ஆகி, வந்த பணத்தில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் வாங்கி ஒரு அறையும் சமையலறையும் கட்ட நினைக்கிறவரை ஒரு சான்றுக்காக மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் போனால் ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களின் எஸ்டேட்களை ஒழித்த 1969-ம் வருஷத்து ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் பிளான் இல்லை, கரண்ட்டுக்கே போராட்டம். அதனால் நான் கையெழுத்து கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் கொடுத்தால்தான் வீடு என்றால் பழைய பகை, வரப்புத் தகராறு, சாதி எல்லாம் பிளான் கோப்புக்குள் வந்து உட்காரும், யாரும் எங்கேயும் கட்ட முடியாது. கேட்பது வேறு, சம்மதம் வாங்குவது வேறு. அவர் சொல்வதில் தண்ணீர், மண், வழி, உயரம் சம்பந்தப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள், ஆனால் தள்ளியதையும் எழுதி வையுங்கள். தேதியும் குறியுங்கள். இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் கோப்பு நகர வேண்டும் என்று இருந்தால் சின்ன வீட்டுக்காரருக்குத் தாமதம் ஆகாது.

இதைச் செய்ய நகராட்சிக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அனுமதி கிடைத்த பிறகு மனையில் அனுமதி எண், தளங்களின் எண்ணிக்கை எழுதிய போர்டு வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே போர்டை விண்ணப்பம் வந்த வாரத்திலேயே வைக்கச் சொல்லலாம், தமிழில், தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டு. ஆய்வாளர் இடம் பார்க்கும் நாளை மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சொல்லிவிட்டு வரலாம், ரோட்டிலிருந்து மட்டும் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கியும் பார்க்கலாம். வார்டுகளில் பகுதி சபை என்று கூட்டுகிறார்கள், 2022 நவம்பர் 1 முதல் இது நடக்கிறது. குப்பையும் தெருவிளக்கும் பேசுகிற அந்தக் கூட்டத்திலேயே, இந்த வார்டில் இன்னின்ன இடத்துக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று கவுன்சிலர் வாசித்தால் ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தை ஒவ்வொரு கவுன்சிலரிடமும் நான் கேட்டுக்கொள்கிறேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் போட்டு வண்டிகளைக் கணக்கெடுக்கிறோம். வருகிறவர்கள் தங்கும் அறைகள் எந்தச் சரிவில், யார் வீட்டுக்கு மேலே எழும்புகின்றன என்ற கணக்கும் ஊருக்குத் தெரிய வேண்டாமா?

நேயர்களுக்குக் கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். பக்கத்தில் மண் வெட்டு ஆரம்பித்தால் வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே நகராட்சிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். ஆணையாளர் பெயருக்கு ஒன்று, அதன் நகல் கலெக்டர் ஆபீஸுக்கு ஒன்று. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் கதவு எண்ணையும், பக்கத்தில் இருக்கும் கோயிலையோ தண்ணீர்த் தொட்டியையோ அடையாளம் எழுதுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் ஏற்கனவே இருக்கும் விரிசலை ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து, தேதியோடு மனுவில் இணையுங்கள், பின்னால் விரிசல் பெரிதானால் அதுதான் பேசும். பொக்லைன் ஓடினால் அதற்குத் தனி அனுமதி உண்டா என்று கேளுங்கள், இந்த மாவட்டத்தில் நினைத்த இடத்தில் அதை ஓட்ட முடியாது. பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மனையின் வரைபடம், இடம் பார்த்த குறிப்பு, தடையின்மைச் சான்றுகள், மன்றத்துக்குப் போயிருந்தால் தீர்மானத்தின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள், பத்து ரூபாய்தான் கட்டணம். எந்த மனு கொடுத்தாலும் தபால் பிரிவில் சீல் போட்டு, தேதி எழுதி, ஒப்புகை வாங்காமல் அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.