கூடியது பிள்ளைக் கணக்கில், பிடிபட்டது வாடகையில்: யூனிவர்சல் கிரெடிட்டும் வீட்டுச் செலவும்

வணக்கம்.

பிரிட்டனில் பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) மாற்றம் ஒன்று வந்தால், இத்தனை பவுண்டு கூடியது, இத்தனை பவுண்டு குறைந்தது என்று செய்தி வரும். அந்தத் தொகை அப்படியே உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது அபூர்வம். குறைப்பு எந்தப் பெயரில் வந்தாலும் கடைசியில் அது வாடகையில்தான் வந்து விழுகிறது. வாடகையை வீட்டுக்காரர் குறைக்கப் போவதில்லை. ஆகவே சாப்பாட்டுக் காசும் கரண்ட் காசும்தான் சுருங்கும். அந்தக் குறை எங்கே, எப்படி உண்டாகிறது என்பதைத்தான் இன்றைக்குக் கணக்கோடு பேசப் போகிறேன். தொகைகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். நான் சொல்பவை 2025-26ஆம் ஆண்டுக்கானவை. கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் தனியார் வாடகை வீடு. இங்கே யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் உதவி) தரும் வாடகைப் பங்குக்கு லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற உச்சவரம்பு உண்டு. 2011 வரைக்கும் அந்தப் பகுதி வாடகைகளின் நடு அளவு வரைக்கும் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அதைக் கீழிருந்து 30 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அதாவது ஊரில் நூறு வீடுகளை வாடகை வரிசையில் அடுக்கினால், மலிவான முப்பது வீடுகளுக்குத்தான் இந்தத் தொகை போதும். அதுவும் ஆண்டுதோறும் திருத்தினால்தான். 2016 முதல் 2020 வரை தொகையை உறைய வைத்தார்கள். 2020இல் ஏற்றிவிட்டு 2024 வரை மீண்டும் உறைய வைத்தார்கள். 2024 ஏப்ரலில் ஏற்றினார்கள், 2025இல் மறுபடி நிறுத்திவிட்டார்கள். 2024இல் போட்ட தொகைக்கு அடிப்படை 2023 செப்டம்பர் வரைக்குமான வாடகைகள். இன்றைய வாடகைக்கும் அந்தக் காலத்து அளவுக்கும் உள்ள இடைவெளியைக் குடும்பம்தான் கட்டுகிறது. எந்தச் சட்டத்தையும் மாற்றாமல், சும்மா இருப்பதாலேயே செய்யப்படும் குறைப்பு இது. தலைப்புச் செய்தியில் வராததால் பலருக்குத் தெரிவதே இல்லை. என் கணிப்பில், இவ்வளவு ஆண்டுகளில் வாடகைக் குடும்பங்களை அதிகம் அரித்தது இதுதான்.

ஆகவே குடியிருப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு, அந்த இடத்துத் தொகையைப் பாருங்கள். இந்தத் தொகைக்கான பகுதி எல்லையும் கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) எல்லையும் ஒன்றல்ல. ஒரே கவுன்சிலுக்குள் இரண்டு தெருவுக்கு இரண்டு தொகை இருக்கலாம்.

எத்தனை படுக்கையறைக்குத் தருவார்கள் என்பதும் வயதைப் பொறுத்தது. கணவன் மனைவிக்கு ஓர் அறை. 16 வயது ஆனவருக்குத் தனி அறை. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட இரு பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக இருந்தாலும், ஓர் அறையில் இருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே இரண்டும் பெண்ணாகவோ இரண்டும் ஆணாகவோ இருந்தாலும் ஓர் அறைதான். எத்தனை பேர் இருந்தாலும் தனியார் வீட்டுக்கு நான்கு அறைக்கு மேல் கணக்கில்லை. அக்காவுக்கு ஒன்பது, தம்பிக்கு ஏழு என்றால், அக்காவின் பத்தாவது பிறந்தநாளில் உங்கள் வாடகைப் பங்கு ஓர் அறை உயரலாம். உயர்ந்ததா என்று அந்த மாத யூனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கற்ற வீட்டமைப்பு) வீட்டிலோ இருப்பவர்களுக்கு 2013 முதல் வேறு வெட்டு: ஓர் அறை கூடுதல் என்றால் வாடகையில் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம். பிள்ளை கல்யாணமாகிப் போன மாதத்திலேயே இது தொடங்கலாம்.

நம் வீடுகளில் அதிகம் அடிபடுகிற இன்னொன்று. வளர்ந்த மகனோ மகளோ உங்களோடு இருக்கிறார், வயது 21 ஆகிவிட்டது. அவர் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் உங்கள் வாடகைப் பங்கிலிருந்து மாதம் 93.02 பவுண்டு கழிப்பார்கள். சிலருக்கு விலக்கு உண்டு. பிப் என்னும் (நீண்ட நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கான) உதவியில் அன்றாடப் பராமரிப்புப் பகுதி வாங்குபவர் அதில் ஒருவர். மற்றபடி, பிள்ளையிடம் காசு கேட்பதா என்று பெற்றோர் தயங்கும்போது அந்த 93 பவுண்டு வாடகை பாக்கியாக ஏறிக்கொண்டே போகும். 21ஆவது பிறந்தநாளுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இனி பெனிஃபிட் கேப். பெரிய விஷயம், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டுக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு 2013இல் வந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 26,000 பவுண்டு. 2016 நவம்பரில் லண்டனுக்கு 23,000, வெளியே 20,000 என்று இறக்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் தம்பதியருக்கும் பிள்ளை உள்ளவருக்கும் லண்டனில் 25,323, வெளியே 22,020. லண்டன் வரம்பை மாதமாக்கினால் 2,110.25 பவுண்டு.

இதோடு இரண்டு பிள்ளை வரம்பைச் சேர்த்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 6 அன்றோ பிறகோ பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் பணம் கிடையாது என்ற அந்த விதியை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல முடிவு, வெகு தாமதமாக வந்த முடிவு. ஆனால் கேப்பைத் தொடவில்லை.

லண்டனில் ஒரு தம்பதி, வேலை இல்லை. மூன்று பிள்ளைகளும் 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்தவர்கள். வாடகைப் பங்கு 1,500 என்று வையுங்கள். தம்பதிக்கான அடிப்படைத் தொகை 628.10. இரண்டு பிள்ளைக்கு 585.62. மூவருக்கும் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்குத் தனியாக வரும் அரசு உதவி) மாதக் கணக்கில் 262.38. மொத்தம் 2,976 பவுண்டைத் தாண்டுகிறது. கேப்பால் கைக்கு வருவது 2,110.25. இப்போது மூன்றாவது பிள்ளைக்கு 292.81 சேருங்கள். தகுதி 3,268.91 ஆகிறது. கைக்கு வருவது? அதே 2,110.25. ஒரு பென்ஸ் கூடவில்லை. ஸ்டேட்மென்டில் பிள்ளைக்கான தொகை ஏறியிருக்கும், கீழே கேப் கழிவும் அதே அளவு ஏறியிருக்கும். எந்தக் குடும்பங்களுக்கு இந்த மாற்றம் மிக அவசியமோ, அவர்களில் பலரை இது தொடாமலே போகிறது. இதை நாம் எம்.பி.க்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

கேப்பிலிருந்து வெளியேற வழி உண்டு. உங்களுக்கோ துணைவருக்கோ பிப், பிள்ளைக்கு டி.எல்.ஏ. (ஊனமுள்ள பிள்ளைகளுக்கான உதவி), பராமரிப்பாளர் தொகை போன்றவை இருந்தால் கேப் பொருந்தாது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். மற்ற வழி சம்பளம்: இருவர் வருமானமும் சேர்ந்து, வரி போக, மாதம் 846 பவுண்டு. குறைந்தபட்சக் கூலியில் வாரம் 16 மணி நேரம் என்ற கணக்கு அது.

இங்கேதான் ஒரு கண்ணி. சம்பளம் நான்கு வாரத்துக்கு ஒரு முறை வந்தால், வாரம் 16 மணி நேரம் வேலை செய்தும் மணிக்கு 12.21 பவுண்டு என்ற குறைந்தபட்சக் கூலியில் கைக்கு வருவது 781.44 மட்டுமே. 846க்குக் குறைவு, ஆகவே கேப் விழும். மேலே சொன்ன குடும்பத்தில் ஒருவர் இப்படி வேலைக்குப் போனால் (மூன்று பிள்ளைக்கும் தொகை சேர்த்த கணக்கு), அந்த மாதம் சம்பளமும் உதவியும் சேர்த்து 2,891.69 பவுண்டு. அதே ஆள் வாரம் பதினேழரை மணி நேரம் செய்தால் சம்பளம் 854.70 ஆகிறது, கேப் நீங்குகிறது. சம்பளத்தில் 411 பவுண்டை வேலைச் சலுகையாக விட்டு, மிச்சத்தில் பவுண்டுக்கு 55 பென்ஸ் உதவியிலிருந்து பிடித்த பிறகும், சம்பளமும் உதவியும் சேர்த்து மொத்தம் 3,879.57. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கூடியதற்கு மாதம் 988 பவுண்டு. வேலை தருபவரிடம் இந்த ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இதைவிடப் பயனுள்ள கோரிக்கை அந்த வீட்டுக்கு வேறொன்றும் இல்லை. நான்கு வாரச் சம்பளக்காரருக்கு ஆண்டில் 13 சம்பளம் என்பதால், ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் சேர்ந்து விழுந்து அந்த மாத உதவி சரியும். அது எந்த மாதம் என்று நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்து, வாடகைக்கு எடுத்துவையுங்கள்.

வார வாடகை கட்டுபவர்கள் நான்கால் பெருக்கி ஏமாறுகிறார்கள். வாரம் 150 என்றால் மாதம் 600 இல்லை. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 650. அந்த ஐம்பதை விட்டால் ஆண்டு முடிவில் நான்கு வார பாக்கி நிற்கும்.

வாடகை ஏறினால் அதே அசெஸ்மென்ட் பீரியடுக்குள் (உதவியைக் கணக்கிடும் ஒரு மாதம்) ஜர்னலில் (உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில்) பதியுங்கள். தாமதித்துச் சொன்னால் பொதுவாகச் சொன்ன மாதத்திலிருந்துதான் கூட்டுவார்கள், போன மாதங்கள் போனதுதான். புதிதாக விண்ணப்பித்தால் முதல் பணத்துக்கு ஐந்து வாரம் ஆகும். நடுவில் வாங்கும் அட்வான்ஸ் கடன். 24 மாதத்தில் திருப்பிப் பிடிப்பார்கள், அதுவும் உணவுக் காசிலிருந்து. தேவையான அளவுக்கு மட்டும் வாங்குங்கள். ஊரில் உங்கள் பெயரில் காணியோ வங்கிக் கணக்கோ இருந்தால் அதுவும் சேமிப்புக் கணக்கில் வரும்: 6,000 பவுண்டுக்கு மேல் தொகை குறையும், 16,000க்கு மேல் உதவியே இல்லை. மறைத்துவிட்டுப் பின்னால் பிடிபட்டால் பல ஆண்டுத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். விசாவில் பொதுநிதி கிடையாது என்று எழுதியிருந்தால், விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள்.

கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) குறைப்பு யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் கிடையாது. 2013 முதல் இங்கிலாந்தில் அது ஒவ்வொரு கவுன்சிலின் தனித் திட்டம், தனி விண்ணப்பம். ஒன்றுக்குப் போட்டால் மற்றதும் தானாக வரும் என்று இருந்துவிட்டு நீதிமன்றக் கடிதம் வாங்குபவர்கள் ஏராளம்.

இவ்வளவு பார்த்தும் வாடகை முட்டவில்லை என்றால் கவுன்சிலிடம் வாடகைக் குறைக்கான விருப்புரிமை உதவியைக் கேளுங்கள். இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் முதல் அது நெருக்கடி உதவி நிதிக்குள் சேர்கிறது. விண்ணப்பத்தோடு குடியிருப்பு ஒப்பந்தம், அண்மைய மாதங்களின் வங்கிக் கணக்கு விவரம், கேப் கழிவோ அறைக் கழிவோ தெரியும் யூனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்ட், வாரச் செலவுப் பட்டியல் எல்லாம் வையுங்கள். பட்டியலில் வெட்கப்பட்டுச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்து எழுதாதீர்கள். காசு மிஞ்சுகிறது என்று காட்டி நிராகரித்துவிடுவார்கள். எவ்வளவு குறை, எத்தனை மாதத்துக்கு வேண்டும், அதற்குள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். யூனிவர்சல் கிரெடிட் முடிவே தவறு என்றால், முடிவு வந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ஜர்னலிலேயே எழுதலாம். அப்படி எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.