மூடுபனியைத் தூசியென்று எண்ணும் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மூடுபனி இறங்கியிருந்த ஒரு விடியற்காலை. மொட்டைமாடியில் நான் மாட்டியிருந்த சிறிய காற்றுத்தர சென்சார், நுண்துகள் அளவு இரு மடங்காகிவிட்டதாகக் காட்டியது. சுற்றிலும் புகையில்லை, வண்டிகளும் ஓடத் தொடங்கவில்லை. வெயில் ஏறியதும் எண் தானாகவே இறங்கிவிட்டது. கருவி பழுதென்று கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுநாளும் அதே கூத்து.

கருவியில் பழுதே இல்லை. அதன் வேலைமுறை அப்படி. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளியில் துகள்கள் பட்டு ஒளி சிதறுகிறது. சிதறிய ஒளியை வைத்துத் துகளின் எடையை அது ஊகிக்கிறது, நிறுத்துப் பார்ப்பதில்லை. ஈரக்காற்றிலோ சில துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும், பெட்டியும் தூசி பெருகிவிட்டதென்று நினைத்துக்கொள்ளும். கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பெரிய கருவிகள் பல, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டே அளக்கின்றன. விலை குறைந்த பெட்டியில் அந்த வசதி கிடையாது.

இதற்கு வழி உண்டு. சென்சாரை நிலையக் கருவியின் அருகிலேயே சில வாரங்கள் ஓடவிட்டு, இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்துத் திருத்தச் சூத்திரம் ஒன்றை உருவாக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள்ஏர் என்ற நிறுவனத்தின் விலை குறைந்த சென்சார்களுக்கு இப்படி ஒன்றை வகுத்தது. சென்சாரின் எண்ணை அது 0.524 ஆல் பெருக்குகிறது, அதாவது ஏறக்குறைய பாதியாக்குகிறது. ஈரப்பதத்துக்கென்றும் தனியே கழிக்கிறது. இந்தச் சூத்திரத்தை வேறோர் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. அங்கே துகள்களின் கலவையே வேறாக இருக்கலாம்.

திரையில் பி.எம். 10 என்றும் ஓர் எண் வரும்; 10 மைக்ரான் வரை குறுக்களவுள்ள துகள்களின் அளவு அது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை நான் பார்ப்பதே இல்லை. பருமனான தூசியை இவ்வகைப் பெட்டிகள் சரியாகப் பிடிப்பதில்லை. 0.3 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களும் இவற்றின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது.

இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5-க்கு, அதாவது 2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்களுக்கு, வகுத்த வழிகாட்டு அளவு, ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியாக 15. ஒரு நிமிட அளவு 40 என்று வந்ததும் இந்த நீண்ட நேரச் சராசரிகளோடு ஒப்பிட்டுப் பதறுகிறவர்கள் பலர். நானும் பதறியிருக்கிறேன்.

அப்படியானால் எதற்கு இந்தப் பெட்டி? வித்தியாசத்தைக் காண்பதற்கு. இரண்டு சென்சார்களை முதலில் ஒரே இடத்தில் ஒரு வாரம் வைத்தேன். ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்கின. பிறகு ஒன்றைச் சாலை முனையிலும் மற்றதைப் பின்புறச் சந்திலும் மாட்டினேன். பகலெல்லாம் சாலைதான் முந்தியது. இரவு பத்து மணிக்குமேல் சந்து மட்டும் செங்குத்தாக ஏறியது; ஈரப்பதம் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் இரவு இறங்கிப்போய்ப் பார்த்தேன். சந்தின் கோடியில் குப்பை எரிந்துகொண்டிருந்தது.