கடைக் கொப்பியும் கடன் அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். கடன் அட்டை என்றதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். முதலில் ஒரு கொப்பிக் கதை.

நான் சிறுவனாக இருந்தபோது, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் சந்திக் கடையில் கொப்பிக்குத்தான். நீல மட்டை, தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு, ஓரம் சுருண்டு போயிருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று முதலாளி பென்சிலால் எழுதுவார். அப்பா சம்பளம் எடுத்த அன்று மாலையே கணக்குத் தீரும். ஒரு மாதம் அப்பா பாதிதான் கொடுத்தார். மறுநாள் நான் போய் பிஸ்கட் பக்கற் கேட்டேன். முதலாளி பென்சிலைக் காதில் செருகினார். "தம்பி, கொப்பி பாரமாக் கிடக்கு. அம்மாவைக் கேட்டிட்டு வா." வெறுங்கையோடு வீடு வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அப்பா கடைக்குப் போனார்.

கடன் அட்டைக்கு அந்தப் பென்சில் இல்லை. கொப்பி எவ்வளவு பாரமானாலும், வரம்பு முட்டும்வரை அது வாய் திறக்காது. மெசின் "பீப்" என்னும், அவ்வளவுதான்.

மாத பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று முழுத்தொகை. மற்றது குறைந்தபட்சத் தொகை, பெரும்பாலும் நூற்றுக்கு 5. நம்மவர்கள் கண் போவது சின்னதில்தான்! 2023 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடன் அட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 28 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அதை வைத்தே பார்ப்போம். பாக்கி ஒரு லட்சம் என்றால், ஒரு மாத வட்டி 2,300 ரூபாய்க்கு மேல். நீங்கள் 5,000 கட்டுகிறீர்கள். கடனில் குறைவது 2,700கூட இல்லை. திரும்பவும் சொல்கிறேன், 5,000 கட்டினால் 5,000 குறையாது. அதோடு, பாக்கி கிடக்கும்போது புதிதாக வாங்கும் சாமானுக்கு, வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஏறுவதுதான் வழக்கம்.

முழுத்தொகையையும் கடைசித் திகதிக்குள் கட்டுங்கள், வாங்கிய சாமானுக்கு ஒரு சதம் வட்டி இல்லை. அப்படிக் கட்டுகிறவருக்கு இது நல்ல சாமான்தான், நானும் வைத்திருக்கிறேன். சம்பளம் வரும் நாளுக்குப் பின்னால் அந்தத் திகதி விழும்படி வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அட்டையைப் போட்டுக் காசு எடுப்பது பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தம்பி கையைக் காட்டுகிறார். சரி, சுருக்கமாக: எடுத்த அன்றே வட்டி ஓடும், கட்டணம் வேறு. தொலைபேசிக்கு வரும் ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கத்தை, வங்கியில் இருந்து பேசுகிறோம் என்றாலும் சொல்லாதீர்கள். வணக்கம்.