மாலிக்குப் போன படைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பரில் வந்த ஒரு செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டில், மின்பாதை அமைக்கும் வேலைக்குப் போயிருந்த ஐந்து இந்தியர்களை ஆயுதக்குழு ஒன்று கடத்திக்கொண்டு போனது. ஐந்து பேரும் நம் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன்பு ஜூலையில், அதே நாட்டின் கெயஸ் பகுதியில் இருக்கும் ஒரு சிமென்ட் ஆலையிலிருந்து மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். அந்த நாட்டில் அரசாங்கம் இல்லையா, உலக நாடுகள் பார்த்துக்கொண்டா இருக்கின்றன என்று பலர் கேட்டார்கள்.

உலக நாடுகள் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 2013 முதல் பிரான்ஸ் படை அங்கே போனது. ஐ.நா. அமைதிப்படை போனது. ஐரோப்பிய ஒன்றியம் ராணுவப் பயிற்சி கொடுத்தது. சாட் நாட்டுப் படைவீரர்கள் போய் உயிரைக் கொடுத்தார்கள். கடைசியாக ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையும் வந்தது. இத்தனை படைகள் போன பிறகும் மாலியும் அதன் அண்டை நாடுகளும் முன்பைவிட மோசமான நிலையில் இருக்கின்றன. 2024இல் உலகம் முழுவதும் பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சகாராவின் தெற்கு ஓரமான அந்த சாஹேல் பகுதியில் இறந்தவர்கள். இப்படி ஆனதற்கான காரணத்தைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கதை லிபியாவில் தொடங்குகிறது. 2011 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்புச் சபை லிபியா மீது ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி தந்தது. அப்போது உறுப்பினராக இருந்த இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன. அக்டோபரில் லிபியாவை ஆண்ட கடாஃபி கொல்லப்பட்டார். அவருடைய படையில் இருந்த துவாரெக் இனத்தவர்கள் ஆயுதங்களோடு சகாரா பாலைவனத்தைக் கடந்து சொந்த மண்ணான வடக்கு மாலிக்குத் திரும்பினார்கள். 2012 ஜனவரியில் கிளர்ச்சி வெடித்தது. போதிய ஆயுதமில்லாமல் சாகவிடுகிறார்கள் என்று கொதித்த ராணுவத்தினர், மார்ச் மாதம் தலைநகர் பமாகோவில் ஆட்சியையே கவிழ்த்தார்கள். அந்தக் குழப்பத்தில் வடக்கு முழுவதும் கைவிட்டுப் போனது. துவாரெக் இயக்கம் தனிநாடு அறிவித்தது. ஆனால் சில மாதங்களிலேயே அல்-கொய்தா சார்ந்த குழுக்கள் அந்த இயக்கத்தை விரட்டிவிட்டு நகரங்களைப் பிடித்துக்கொண்டன.

டிம்பக்டு நகரில் நூற்றாண்டுகள் பழைமையான சூஃபி மகான்களின் சமாதிகளைக் கடப்பாரையால் இடித்தார்கள். இசையைத் தடை செய்தார்கள். அந்த ஊர் நூலகர்கள் பழைய அரபுச் சுவடிகளைப் பெட்டிபெட்டியாக இரவோடு இரவாகக் கடத்திப் பமாகோவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். எந்தப் படையின் துணையும் இல்லாமல் சாதாரண மனிதர்கள் செய்த காரியம் அது. இந்தப் போரைப் பற்றிப் பேசும் யாரும் அதைச் சொல்லாமல் போகக் கூடாது.

2013 ஜனவரி 10ஆம் தேதி கொன்னா என்ற ஊர் ஜிகாதிகளிடம் விழுந்தது. மறுநாளே பிரான்ஸ் இறங்கியது. ஜனவரி 26இல் காவோ மீட்கப்பட்டது, 28இல் டிம்பக்டு. மக்கள் பிரெஞ்சுக் கொடியோடு தெருவில் ஆடினார்கள். முன்பு தங்களை ஆண்ட நாட்டின் கொடி அது என்பதை அறிந்தேதான் ஆடினார்கள். அந்த நேரத்தில் அந்தத் தலையீடு தேவையாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன். வெளிநாட்டுப் படை என்றாலே தவறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அன்று டிம்பக்டுவில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் நகரங்களை மீட்பதோடு வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். போர் இடம் மாறியது. வடக்குப் பாலைவனத்திலிருந்து மாலியின் நடுப்பகுதிக்கு, மோப்தி வட்டாரத்துக்கு நகர்ந்தது. அங்கே நைஜர் ஆறு விரிந்து பெரிய உள்நாட்டு வடிநிலமாகப் பரந்து கிடக்கிறது. வெள்ளம் வடிந்ததும் அந்த நிலத்தில் செழிக்கும் புல்லுக்காக ஃபுலானி இடையர்கள் மந்தைகளோடு வருவார்கள். மேய்க்க வேண்டுமென்றால் பரம்பரை உரிமைக்காரர்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மாடு வயலில் இறங்கிவிட்டது என்று உழவர்களோடு சண்டை வந்தால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். கையில் காசுள்ளவன் பக்கம் தீர்ப்பு சாயும்.

அமாது கூஃபா என்ற ஃபுலானி மதபோதகர் இந்த ஏழை இடையர்களின் ஆத்திரத்தைப் பேசினார். உள்ளூர் வானொலியிலும் ஒலிநாடாக்களிலும் அவர் குரல் ஊர் ஊராகப் போனது. பிறகு துப்பாக்கி எடுத்தார். அவருடைய ஆட்கள் முதலில் கிராமங்களில் செய்தது மேய்ச்சல் கட்டணத்தைக் குறைத்ததும், வழக்குகளுக்கு உடனடித் தீர்ப்புச் சொன்னதும்தான். கொடூரமான தீர்ப்புகள்தான். ஆனால் லஞ்சம் கேட்காத, அன்றே கிடைக்கும் தீர்ப்பு. அரசாங்கம் ஒருநாளும் கொடுக்காத ஒன்றை அவர்கள் கொடுத்தார்கள். நான் படித்தவற்றுள் என் மனத்தை அதிகம் உலுக்கிய செய்தி இதுதான்.

இதற்கு அரசு தந்த பதில், ஃபுலானி என்றாலே சந்தேகப்படு என்பதாக இருந்தது. உழவர்களான தோகோன் இனத்தின் வேட்டைக்காரர்கள் தற்காப்புக்குழு அமைத்தபோது அரசு கண்டும் காணாமல் இருந்தது. 2019 மார்ச் 23ஆம் தேதி ஒகொசாகு என்ற ஃபுலானி கிராமத்தில் ஏறக்குறைய 160 பேர் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்தக் குழுவைக் கலைப்பதாக அரசு அறிவித்தது. குழு கலையவே இல்லை. அன்றைக்குப் பிறகு ஒரு ஃபுலானி இளைஞன் பாதுகாப்புக்கு யாரிடம் போவான்?

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மாலி உட்பட எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் ஆய்வு செய்து 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆயுதக்குழுக்களில் சேர்ந்தவர்களிடமே கேட்டிருந்தார்கள். அவர்களில் 48 சதவீதத்தினர், ஒரு குறிப்பிட்ட சம்பவமே தங்களைத் தள்ளியது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் 71 சதவீதத்தினர் காட்டியது மனித உரிமை மீறலை. பெரும்பாலும் செய்தவர்கள் அரசுப் படையினர். மதமே முதன்மைக் காரணம் என்றவர்கள் 17 சதவீதம்தான்.

பிரான்ஸ் தன் நடவடிக்கையை 2014இல் பர்கான் என்ற பெயரில் ஐந்து நாடுகளுக்கு விரித்தது. உச்சத்தில் சுமார் 5,100 வீரர்கள். மேற்கு ஐரோப்பா அளவுள்ள நிலப்பரப்புக்கு அது எம்மாத்திரம்? எனவே தலைவர்களைத் தேடிக் கொல்வதே வழியாகிப்போனது. 2020 ஜூனில் அல்-கொய்தாவின் வட ஆப்பிரிக்கத் தலைவர் அப்தெல்மாலிக் துருக்டெல் கொல்லப்பட்டார். 2021இல் சாஹேல் பகுதி ஐ.எஸ். தலைவர் அபு வலித் அல்-சஹ்ராவி. ஒவ்வொரு முறையும் பாரிஸிலிருந்து வெற்றி அறிக்கை வந்தது. தாக்குதல்கள் குறையவில்லை. இதற்கிடையே 2021 ஜனவரியில் பூந்தி என்ற ஊரில் பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. இறந்த 22 பேரில் 19 பேர் திருமண வீட்டுக்கு வந்த பொதுமக்கள் என்று ஐ.நா. விசாரணை சொன்னது. பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. கொடி பிடித்து வரவேற்ற நாட்டில் எட்டே ஆண்டில் அதே கொடி எரிக்கப்பட்டது.

2020இலும் 2021இலும் மாலியில் அடுத்தடுத்து ஆட்சிக் கவிழ்ப்பு. புதிய ராணுவ ஆட்சி வாக்னர் படையை அழைத்தது. 2022 மார்ச் இறுதியில் மூரா என்ற ஊரை ராணுவமும் வெளிநாட்டுப் படையினரும் ஐந்து நாட்கள் சுற்றிவளைத்து வைத்திருந்தார்கள். குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கண்டறிந்தது. அந்த ஆகஸ்டில் கடைசி பிரெஞ்சு வீரர் வெளியேறினார். முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்த ஐ.நா. அமைதிப்படை 2023 முடிவில் கிளம்பியது. அல்-கொய்தா கூட்டணியான ஜே.என்.ஐ.எம். 2025 செப்டம்பரில் பமாகோவுக்கு வரும் எரிபொருள் லாரிகளை எரிக்கத் தொடங்கியது. அக்டோபர் இறுதியில் நாடு முழுவதும் பள்ளிகளை மூட வேண்டிவந்தது.

மாலியை ஒட்டியே மொரித்தானியா என்ற நாடு இருக்கிறது. அதே பாலைவனம், அதே வறுமை. 2005 முதல் அங்கேயும் ராணுவ முகாம்கள் தாக்கப்பட்டன. 2007இல் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டார்கள், அடுத்த ஆண்டு டாக்கர் கார்ப் பந்தயமே ரத்தானது. ஆனால் 2011க்குப் பிறகு அங்கே பெரிய தாக்குதல் எதுவும் இல்லை.

அவர்கள் செய்தது என்ன? எல்லையில் வேகமாக நகரும் சிறிய படைப்பிரிவுகளை உருவாக்கினார்கள். ஒட்டகப்படையைத் தூசிதட்டி எடுத்தார்கள். அந்த வீரர்கள் நாடோடிகளின் மொழி பேசுபவர்கள். ஒட்டகத்தில் போய் நோயாளிக்கு மருந்து கொடுக்கிறார்கள், கிணறு பற்றிய பேச்சைக் கேட்கிறார்கள், புதிதாக யார் வந்து போனார்கள் என்பதையும் தெரிந்துகொள்கிறார்கள். 2010இல் சிறையில் இருந்த ஜிகாதிகளோடு நாட்டின் மதிப்புமிக்க மார்க்க அறிஞர்களை உட்காரவைத்து வாதிடச் செய்தார்கள். பெரும்பாலானோர் மனம் மாறியதாக அறிவித்தார்கள், பலருக்கு மன்னிப்பும் கிடைத்தது.

மொரித்தானியாவை நான் உத்தம நாடாகக் காட்டவில்லை. அங்கே அடிமைமுறையின் எச்சங்கள் இன்னும் இருக்கின்றன. அல்-கொய்தாவோடு ரகசிய உடன்பாடு உண்டு என்ற சந்தேகமும் இருக்கிறது. பின் லாடன் வீட்டில் கிடைத்த ஆவணங்களில் அப்படி ஒரு யோசனை விவாதிக்கப்பட்டிருந்தது. அரசு மறுக்கிறது. ஆனாலும் அந்த ஒட்டகப்படை வீரன் ஊருக்குள் வரும்போது மக்கள் ஓடி ஒளிவதில்லை. மாலியின் நடுப்பகுதியில் ராணுவ வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுகிறார்கள்.

ஜிகாதிகளோடு பேசலாமா என்ற கேள்வி மாலியில் புதிதல்ல. 2017இல் நடந்த தேசிய மாநாடே கூஃபாவோடும் ஜே.என்.ஐ.எம். தலைவர் இயாத் அக் காலியோடும் பேச வேண்டும் என்றது. பிரான்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தது. அரசு தயங்கியது. ஃபராபூகு போன்ற முற்றுகையிடப்பட்ட ஊர்கள், வேறு வழியில்லாமல் பேசி உடன்பாடு செய்துகொண்டன. பெண்கள் முகத்திரை அணிய வேண்டும், ஊருக்குள் அவர்களின் போதகர் வரலாம் என்பது போன்ற நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு வயலுக்குப் போகும் உரிமையை வாங்கினார்கள். சில மாதங்களில் அதுவும் முறிந்தது.

பேச வேண்டும் என்பதே என் கருத்து. கொலைகாரர்களோடு கைகுலுக்குவது எவ்வளவு கசப்பானது என்று தெரிந்தே சொல்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு பசியால் பணிந்த கிராமத்தின் தலையில் விழக் கூடாது. அரசே முன்னால் நின்று பேச வேண்டும். மூராவில் சுட்டவர்களையும் ஒகொசாகுவில் கொளுத்தியவர்களையும் நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். மேய்ச்சல் நிலத்துக்கு யார் எவ்வளவு கட்டுவது என்பதை அந்த மேசையிலேயே எழுதி முடிக்க வேண்டும். உதவ விரும்பும் எந்த வெளிநாடும், இந்தியாவும்கூட, ஆயுதம் தருவதற்கு முன் இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.