மூழ்கியும் சாகாத நெல், மண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் குழாய்

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பழுப்பு நிற நீர்.]

இது ஏரி அல்ல, நெல்வயல். நட்டுச் சில வாரங்களே ஆன பயிர் இந்த நீருக்கு அடியில் நிற்கிறது.

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, மூழ்கினால் என்ன என்று தோன்றலாம். கால் நனைவது வேறு, தலை மூழ்குவது வேறு. முழுதாக மூழ்கிய நெல் மூச்சுக்குத் தவிக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டிவிட அவசர அவசரமாக நீள்கிறது. சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அந்த ஓட்டத்திலேயே தீர்ந்துபோகிறது. வெள்ளம் ஒரு வாரத்துக்கு மேல் நின்று வடிந்தால், துவண்ட தாள்கள் சேற்றோடு சேறாகப் படுத்துக் கிடக்கும்.

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்று இந்தப் பதற்றத்துக்கு ஆளாகாது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்தின் பெயர் எஃப்ஆர் 13ஏ. வெள்ளம் சூழ்ந்தால் அது வளர்வதை நிறுத்திவிட்டு, கையிருப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கும். நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். ஆனால் விளைச்சல் குறைவு. வெள்ளத்தில் பிழைக்கிறது என்பதற்காக மட்டும் யார் அதைப் பயிரிடுவார்கள்?

அந்தப் பொறுமைக்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணுவை அறிவியலாளர்கள் 2006-ல் அறிவித்தார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், கிழக்கிந்திய விவசாயிகள் விரும்பிப் பயிரிடும் ஸ்வர்ணா ரகத்தில் அதைச் சேர்த்தது. இது மரபணு மாற்றப் பயிரா என்று பலரும் கேட்கிறார்கள். இல்லை. இரண்டு ரகங்களை இணைக்கும் வழக்கமான கலப்பினச் சேர்க்கைதான். ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாற்றில் அந்த மரபணு இறங்கியிருக்கிறது என்று டிஎன்ஏ சோதனையில் பார்த்துப் பொறுக்கி எடுத்ததால், நீண்ட காலம் பிடிக்கும் வேலை விரைவில் முடிந்தது. 2009-ல் இந்தியாவில் வெளியான ஸ்வர்ணா-சப்1 ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அதற்கும் மேல் நீர் நின்றால் தாங்காது. விதைத்த உடனே வயல் மூழ்கினாலும் இந்த மரபணு கைகொடுக்காது.

என்னை அசைத்தது அடுத்து நடந்ததுதான். ஒடிசாவில் இந்த விதையைப் பெற்ற விவசாயிகளை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து கவனித்தார்கள். விதை மாறியதும் அவர்கள் கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள், உரம் கூடுதலாக இட்டார்கள், கடன் வாங்கவும் துணிந்தார்கள். வெள்ளம் வராத ஆண்டிலும் விளைச்சல் கூடியது. பயம் குறைந்ததன் விளைவு இது. போட்ட முதல் தண்ணீரோடு போய்விடும் என்று அஞ்சுகிறவர் வயலுக்கு அரைமனதோடுதான் செலவு செய்வார். உலகிலுள்ள பண்ணைகளில் சுமார் 84 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்தவை. அந்த அளவு நிலம் வைத்திருப்பவரால் ஒரு பருவம் பொய்த்தாலே எழுந்திருக்க முடியாது. காலநிலை மாற்றத்துக்கான கருவி எதைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதனால்தான்: இது அவருடைய பயத்தைக் குறைக்கிறதா? இந்த வீடியோவில் விவசாய ட்ரோனைப் பற்றிப் பேசாததற்கும் அதுவே காரணம்.

[காட்சி: நெற்கதிரில் பூ விரிவது, மிக அருகில்.]

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில், ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். அப்போது வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகிவிடும். வெயிலைத் தணிக்க யாராலும் முடியாது, பூக்கும் நேரத்தை மாற்றலாம். காட்டுநெல் இனம் ஒன்றிலிருந்து விடியற்காலையில் பூக்கும் குணத்தைப் பயிர்நெல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

[காட்சி: வயலில் பாதி புதைந்து நிற்கும், துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்.]

இப்போது குழாய்க்கு வருவோம். நாட்டிலேயே மலிவான தொழில்நுட்பம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். நெல்வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை. காயவிட்டுப் பாய்ச்சலாம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. எவ்வளவு காயவிடலாம் என்பதில்தான் சிக்கல். மேல்மண் வெடித்ததும் மனம் பதறும், கை மடையைத் திறந்துவிடும்.

ஒரு முழத்துக்கும் குறைவான இந்தக் குழாயைப் பாதி புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், நிலத்துக்கடியில் நீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கட்டும், வேருக்கு எட்டும். அதற்குப் பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பாசன நீர் 30 விழுக்காடு வரை மிச்சமாகும். நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனும் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? பங்களாதேஷில் பம்ப் உரிமையாளருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் கொடுக்கும் விவசாயிகள் உண்டு. பாய்ச்சும் அளவுக்கு ஏற்பக் கொடுப்பவர்களும் உண்டு. குழாயைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அளவுக்கு ஏற்பக் கொடுப்பவர்கள்தான் நீரை மிச்சப்படுத்தினார்கள். மற்றவர் ஏன் மெனக்கெட வேண்டும்? மிச்சமாகும் நீரால் அவருக்குக் காசு மிஞ்சப்போவதில்லையே.

சூரிய சக்தி பம்புக்கும் இதே கதை. டீசல் செலவு போய்விடுகிறது, வறட்சியில் உயிர்நீர் கிடைக்கிறது. ஆனால் வெயில் அடிக்கும்வரை செலவில்லாமல் இறைக்கலாம் என்றால், நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. நிலத்தடி நீர் ஏற்கெனவே இறங்கிய பகுதிகளில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பரப்புவது எனக்கு உடன்பாடில்லை.

[காட்சி: கைப்பேசித் திரையில் ஒரு குறுஞ்செய்தி.]

பட்டம் தவறினால் நட்டம் என்பார்கள். பட்டமே இடம் மாறிக்கொண்டிருந்தால்? முதல் மழையை நம்பி விதைத்து, முளைத்த பிறகு மூன்று வாரம் வானம் பொய்த்தால் விதையும் உழைப்பும் வீண். விவசாயிக்கு வேண்டியது நாளைக்கு மழையா என்ற செய்தி மட்டும் அல்ல, தொடர்மழை எந்த வாரம் தொடங்கும் என்ற செய்தி. பழைய கணிப்பு முறைக்கு மாபெரும் கணினிகள் தேவை. கடந்த கால வானிலைப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள், பயிற்சி முடிந்த பிறகு மிகக் குறைந்த செலவில் கணிக்கின்றன. 2025-ல் இந்திய வேளாண் அமைச்சகம் இத்தகைய பருவமழைக் கணிப்பைச் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அந்த ஆண்டு மழை முன்கூட்டியே வந்து நடுவழியில் தேங்கியது. அந்தத் தேக்கத்தையும் கணிப்பு முன்னரே சொல்லியிருந்தது.

[காட்சி: வறண்ட மேய்ச்சல் நிலம். மேலே நகரும் செயற்கைக்கோள்.]

எவ்வளவு சரியாகக் கணித்தாலும் வறட்சி வரத்தான் செய்யும். கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010-ல் கால்நடை வளர்ப்போருக்கு ஒரு புதுவகைக் காப்பீடு தொடங்கியது. அங்கே வீடு வீடாகப் போய்ச் செத்த மாடுகளை எண்ணுவது நடக்காத காரியம். அதனால் செயற்கைக்கோள் படத்தில் மேய்ச்சல் நிலத்தின் பசுமையை அளந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு உண்டு, யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. குறையும் இருக்கிறது. மாடு தின்னாத புதரும் மேலிருந்து பார்த்தால் பச்சைதான். தன் மந்தை மெலிய, படம் பசுமை காட்ட, பணம் வராமல் போனவர் அடுத்த முறை காப்பீடு எடுப்பாரா?

தொடக்கத்தில், மந்தையில் எவ்வளவு அழிந்திருக்கும் என்று பசுமையை வைத்துப் போட்ட கணக்குக்கே பணம் வந்தது. பின்னர் அதை மாற்றினார்கள். பசுமை மங்கத் தொடங்கும்போதே பணம் கைக்கு வருகிறது, தீவனமும் தண்ணீரும் வாங்குவதற்கு, மாடு இன்னும் எழுந்து நிற்கும்போதே.