ஏணியும் மண்வெட்டியும்: மதராஸ் சேப்பர்கள்

அவைத் தலைவர் அவர்களுக்கும், இந்த மாலையில் வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும், கிருஷ்ணகிரிப் பெருமக்களுக்கும் வணக்கம்.

படைக்கு வழி வெட்டித்தரும் பொறியியல் வீரர்களான மதராஸ் சேப்பர்களின் கதையை, நம் ஊரில் எங்கு நின்றாலும் கண்ணில் படுகிற கோட்டை மலையிலிருந்தே தொடங்குகிறேன். 1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேக்ஸ்வெல் என்ற தளபதி இரவில் தாக்கி, மலையடியில் இருந்த பேட்டையைப் பிடித்துவிட்டார். மேல்கோட்டைக்கு ஏற முயன்றபோதோ, திப்புவின் காவற்படையினர் பாறைகளை உருட்டிவிட, ஏணிகள் நொறுங்கின, கோட்டை விழவில்லை. மறுஆண்டு உடன்படிக்கையில்தான் நம் பகுதியான பாராமகால் கம்பெனியார் கைக்குப் போனது. ஏணி சுமப்பதும், பாதை வெட்டுவதும், மதிலை நோக்கிக் குழி தோண்டிச் செல்வதும் அந்நாளில் ‘பயனியர்’ எனப்பட்டோரின் வேலை. பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் கம்பெனிப் படை நொறுங்கிய அதே 1780 செப்டம்பரின் கடைசி நாளில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனியர் அணிகள் திரட்டப்பட்டன. அவையே 1831-இல் ‘மதராஸ் சேப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்’ என்று பெயர் மாறின. இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் இன்ஜினியர் குரூப்பின் மூலம் அவைதான். தென்னாட்டு இளைஞர்கள் அந்நியக் கம்பெனிக்காக நம் மலைகளில் ஏறினார்கள் என்பதை மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் படையில் ‘தம்பி’ என்பது பட்டப்பெயர். தம்பிகளின் கருவிகள் பெரும்பாலும் எளியவை. 1912-இல் இப்படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக், வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, பதுங்கியபடியே முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்யும் ஒரு முறையை வகுத்தார். ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற பெயரில் அது 1944-இல், இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரை வரை போனது. ஓசூரைத் தாண்டினால் வந்துவிடும் ஊரின் பெயர், அந்த ஊரைப் பார்த்தேயிராத அமெரிக்கச் சிப்பாயின் வாயிலும் புகுந்தது வேடிக்கைதான்.

அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான இப்படையின் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு சென்றுகொண்டிருந்தார். முன்னால் போன ஒருவரின் கால் கண்ணிவெடி மீது பட்டுவிட்டது. அந்த வகை வெடி உடனே வெடிப்பதில்லை. சுமார் நான்கு விநாடி கழித்து இடுப்புயரத்துக்குத் துள்ளி எழுந்து, இரும்புக் குண்டுகளை நாற்புறமும் சிதறும். அந்த நான்கு விநாடிக்குள் தப்பி ஓடலாம் என்று வெளியாள் நினைப்பான். குண்டுகள் எவ்வளவு தூரம் பாயும் என்பதை அத்தொழில் தெரிந்தவர் அறிவார். சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்து தம் உடலால் மூடினார். உடன் வந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு, பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. எதிரியைச் சுட்டு வீழ்த்தியதற்கான விருதன்று அது, தொழில் அறிவோடு எடுத்த ஒரு முடிவுக்கான விருது என்பதே என் கருத்து.

விடுதலைக்குப் பின் வந்த முதல் பெரும் சோதனை, பாகிஸ்தானுடனான காஷ்மீர்ப் போரில், காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகும் வழியிலுள்ள சோஜிலா கணவாய். பதினோராயிரம் அடிக்கு மேலான உயரத்தில், எதிரி குகைகளில் பதுங்கிக் கீழே வருவோரைச் சுட்டுக்கொண்டிருந்தான். காலாட்படையின் தாக்குதல்கள் பலிக்கவில்லை. டாங்கியை மேலே ஏற்றுவது என்று தளபதி திம்மையா முடிவெடுத்தார். ஆனால் கணவாயின் அடியிலுள்ள பால்தாலிலிருந்து மேலே போவது கோவேறு கழுதைப் பாதை மட்டுமே. அதை டாங்கியின் அகலத்துக்கு வெட்டி அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சேப்பர்கள். குளிரில் மரத்துப்போன கைகள், பாறையில் வெடிவைத்தல், பெரும்பாலும் இரவு வேலை. 1948 நவம்பர் 1 அன்று ஏழாம் இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் அந்தப் பாதையில் ஏறின. அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி நினைத்திருக்கவில்லை. சில வாரங்களில் திராஸும் கார்கிலும் மீண்டன. முற்றுகையில் இருந்த லடாக்கின் லே நகருக்கு வழி திறந்தது.